மாற்றியமைத்த டிரக்கில் எக்ஸாஸ்ட் இணைப்புக் கசிவு: கண்டுபிடித்து, காரணம் அறிந்து, நிரந்தரமாகச் சரிசெய்ய முழுமையான வழிகாட்டி

எக்ஸாஸ்ட் இணைப்பு கசிகிறது என்றதும் எல்லோரும் முதலில் செய்வது நட்டை இன்னும் ஒரு சுற்று முறுக்குவது. இரண்டு நாள் சத்தம் அடங்கும். பிறகு அதே இடத்தில், முன்னைவிடப் பலமாகத் திரும்பி வரும். மாற்றியமைத்த டிரக்குகளில் இது அதிகம் நடக்கக் காரணம் இருக்கிறது. சஸ்பென்ஷனையோ பாடியையோ உயர்த்தியிருப்பார்கள், எஞ்சின் மவுண்ட் மாறியிருக்கும், பெரிய விட்டக் குழாயும் கனமான சைலன்சரும் பழைய ஹேங்கர்களிலேயே (குழாயைத் தாங்கும் கொக்கிகள்) தொங்கும். கம்பெனி குழாய் எந்த இடத்தில் எந்தக் கோணத்தில் நிற்க வேண்டும் என்று கணக்கிட்டுச் செய்தது; மாற்றிய குழாயோ இருக்கிற இடத்தில் இழுத்துப் பிடித்துப் பூட்டியது. அந்த இழுவை முழுவதையும் ஒரு கேஸ்கட் (இணைப்பின் நடுவே வைக்கும் அடைப்புத் தகடு) தாங்க வேண்டியிருக்கிறது. போல்ட்டை எவ்வளவு முறுக்கினாலும் அந்த இழுவை குறையப்போவதில்லை.

அதனால் இந்த வேலைக்கு ஒரே அளவுகோல்தான்: போல்ட் போடாமலே இரண்டு குழாய்களும் தாமாக வந்து பொருந்த வேண்டும். போல்ட்டின் வேலை பொருந்தியதைப் பிடித்து வைப்பது மட்டுமே. கீழே சொல்லியிருப்பதெல்லாம் அந்த நிலைக்குக் கொண்டுபோகும் வழி.

ஏன் தள்ளிப்போடக் கூடாது

முதல் காரணம் கார்பன் மோனாக்சைடு. நிறமும் இல்லை, மணமும் இல்லை. கேபினுக்கு அடியில் உள்ள இணைப்பு கசிந்தால், கியர் லிவர் ஓட்டை, வயர் போகும் ரப்பர், துருப்பிடித்த தரைத்தகடு என ஏதோ ஒரு வழியில் உள்ளே வரும். நீண்ட நேரம் ஓட்டும்போது தலைவலி, மயக்கம், குமட்டல் வந்தால் வண்டியை நிறுத்திக் கீழே இறங்கிவிடுங்கள். கசிவைச் சரிசெய்யாமல் மறுபடி ஓட்ட வேண்டாம்.

அடுத்தது எஞ்சின். பெட்ரோல் வண்டியில் முன் ஆக்சிஜன் சென்சாருக்கு முன்னால் கசிவு இருந்தால், புகை வெளியே போவதோடு நிற்காது. ஒவ்வொரு வெளியேற்றத் துடிப்புக்கும் பின்னால் குழாய்க்குள் அழுத்தம் சட்டென்று இறங்கும். அந்த நொடியில் கசியும் இடத்தின் வழியே வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படும். சென்சார் அந்த ஆக்சிஜனைப் பார்த்துக் கலவை மெலிந்துவிட்டது என்று சொல்லும். எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியூ எரிபொருளைக் கூட்டும். மைலேஜ் குறையும், ஸ்கேனரில் ஃபியூவல் டிரிம் (இசியூ எரிபொருளை எவ்வளவு கூட்டிக் குறைக்கிறது என்ற அளவு) பிளஸ் பக்கம் ஏறும், புகையின் நச்சைக் குறைக்கும் கேடலிடிக் கன்வெர்ட்டர் தேவையில்லாமல் சூடாகும். இதைப் புரிந்துகொள்ளாமல் சென்சாரை மாற்றிப் பணத்தை வீணாக்குபவர்கள் நிறைய.

டர்போ டீசலில் டர்போவுக்கு முன்னால் கசிந்தால், டர்பைனைச் சுழற்ற வேண்டிய வாயு வழியிலேயே போய்விடும். பூஸ்ட் (டர்போ தரும் காற்றழுத்தம்) தாமதமாக வரும், கரும்புகை கூடும், எக்ஸாஸ்ட் வெப்பம் ஏறும். டர்போவுக்குப் பின்னால் உள்ள கசிவு இழுவையை அவ்வளவாகப் பாதிக்காது. ஆனால் டிபிஎஃப் (டீசல் கரியைப் பிடிக்கும் வடிகட்டி) தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும் நேரத்தில் அங்குள்ள வாயு சுமார் 600 டிகிரி செல்சியஸ் இருக்கும். அந்தச் சூடு ஒரு வயரிங் கட்டின் மேலோ பிரேக் ஹோஸின் மேலோ நேராக அடித்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

படி 1: கசியும் இடத்தைச் சரியாகப் பிடிப்பது

காலையில் முதல் ஸ்டார்ட்தான் சிறந்த நேரம். குளிர்ந்த எஞ்சினில் 'டிக் டிக்' என்று கேட்டு, சூடேறியதும் மறைந்தால், உலோகம் விரிந்து இடைவெளி அடைபடுகிறது என்று பொருள். மேனிஃபோல்டு (எஞ்சினில் நேராகப் பூட்டிய குழாய்த்தொகுதி) அல்லது டவுன்பைப் (அதற்கு அடுத்துக் கீழிறங்கும் குழாய்) பக்கம் பாருங்கள். சூடேறிய பிறகும் அதே அளவில் கேட்டால் இன்ஜெக்டர், வால்வ் சத்தமாகவும் இருக்கலாம். ஒரு நீளமான ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதருகே வைத்து, மறு முனையைச் சூடான உலோகத்தில் படாமல் இணைப்புகளைச் சுற்றி நகர்த்துங்கள். கசியும் இடத்துக்கு நேராக வந்ததும் சத்தம் பளிச்சென்று தெரியும்.

எஞ்சினை அணைத்து ஆறவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். கசிவு கரியில் கையெழுத்துப் போட்டிருக்கும். பிளேஞ்ச் (குழாய் முனையில் போல்ட் ஓட்டைகளோடு இருக்கும் தட்டு) விளிம்பிலிருந்து ஒரு பக்கமாக விசிறி போல விரியும் கருப்புக் கோடு டீசலில் தெளிவாகத் தெரியும். பெட்ரோலில் சாம்பல் நிறமாக மங்கலாக இருக்கும். அந்தக் கோடு எந்தப் பக்கம் இருக்கிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். மேல்பக்கம் மட்டும் கரி படிந்திருந்தால் பின்குழாயின் எடை பிளேஞ்சைக் கீழே இழுத்து மேலே வாய் திறக்கிறது. சுற்றிலும் ஒரே சீராகப் படிந்திருந்தால் கேஸ்கட் எரிந்திருக்கிறது. இந்த ஒரு கவனிப்பே பாதி நோயறிதல்.

உறுதிப்படுத்தச் சோப்புத் தண்ணீர் போதும். எஞ்சின் முழுக்கக் குளிர்ந்து அணைந்திருக்க வேண்டும். வாக்குவம் கிளீனரின் காற்று வெளிவிடும் பக்கத்துக் குழாயை டெயில் பைப்பில் செருகிச் சுற்றித் துணியால் அடையுங்கள். பாத்திரம் கழுவும் திரவத்தை 10 பங்கு தண்ணீரில் கலந்து ஒவ்வொரு இணைப்பிலும் தெளியுங்கள். நுரை பொங்கும் இடம்தான் கசிவு. கம்ப்ரசர் காற்றை நேராக அடிக்காதீர்கள், அழுத்தம் அதிகம். செருகு இணைப்புகளில், சைலன்சருக்குப் பின்னால், ஓரிரு சின்னக் குமிழி வருவது சாதாரணம். சென்சாருக்கு முன்னால் ஒரு குமிழிகூட வரக் கூடாது. சைலன்சரின் அடியில் தண்ணீர் வடிவதற்கென்றே சின்ன ஓட்டை விட்டிருப்பார்கள். அதைக் கசிவென்று நினைத்து வெல்டிங் வைத்துவிடாதீர்கள், உள்ளே தண்ணீர் தேங்கித் துருப்பிடிக்கும்.

இணைப்புக்கு 1 அல்லது 2 செ.மீ. தள்ளி, வெல்டிங் ஓரத்தில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்றும் பாருங்கள். கரி இணைப்பின் மேல் படிந்திருந்தாலும் வாயு விரிசலிலிருந்து வந்திருக்கலாம்.

படி 2: பிரிப்பது

குறைந்தது இரண்டு மூன்று மணி நேரம் ஆறட்டும். சமதளத் தரையில் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, ஜாக்கில் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஜாக்கை நம்பி மட்டும் அடியில் போகவே கூடாது. பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம், துரு நேராக முகத்தில்தான் விழும். குழாயில் வெப்பத் துணி சுற்றியிருந்தால் அதைக் கழற்றும்போது மாஸ்க்கும் கையுறையும் போடுங்கள். சுற்றுத்துணி ஈரத்தைப் பிடித்து வைத்து இரும்புக் குழாயைச் சீக்கிரம் துருப்பிடிக்க வைக்கும் என்பதால், அதன் அடியில் ஊசியால் குத்திப் பார்ப்பது நல்லது.

துருப்பிடித்த நட்டுக்கு முந்தின நாள் இரவே துருவுக்குள் ஊடுருவும் பெனெட்ரேட்டிங் ஆயில் அடித்து வையுங்கள். ஆறு முக சாக்கெட் மட்டுமே பயன்படுத்துங்கள். பன்னிரண்டு முகம் முனையை மழுக்கிவிடும். முதலில் இறுக்கும் பக்கமாக ஒரு நூலளவு அசைத்து, பிறகு தளர்த்தினால் துருவின் பிடி விடும். அசையாத நட்டைக் கேஸ் டார்ச்சில் சூடாக்குங்கள். ஆயில் அடித்திருந்தால் அதைத் துடைத்துவிட்டு, பெட்ரோல் பைப்பும் பிரேக் பைப்பும் அருகில் இல்லை என்று பார்த்த பிறகே. பிளேஞ்ச் போல்ட் பிடிவாதம் பிடித்தால் கிரைண்டரில் வெட்டிவிடுங்கள், அது புதிதாகக் கிடைக்கும். மேனிஃபோல்டு ஸ்டட் (தலையில்லாத போல்ட்) உடைந்தால்தான் பெரிய வேலை. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் துண்டின் மேல் ஒரு நட்டை வைத்து உள்ளே வெல்டிங் நிரப்பினால், அந்தச் சூட்டிலேயே துரு விட்டுச் சுழன்று வரும்.

பிரித்ததும் குழாயைத் தொங்கவிடாதீர்கள். ஆக்சிஜன் சென்சார் வயரும் பெல்லோஸும் (வளைந்து கொடுக்கும் மடிப்புக் குழாய்த் துண்டு) அந்த எடையைத் தாங்காது. கட்டை அல்லது சின்ன ஜாக் கொடுத்துத் தாங்குங்கள்.

படி 3: குழாய் எங்கே போய் நிற்கிறது

இதுதான் பலரும் விட்டுவிடும் படி. கேஸ்கட்டும் இல்லாமல், போல்ட்டும் இல்லாமல், ஹேங்கர்களில் மட்டும் தொங்கும்படி குழாயை விட்டு இணைப்பைப் பக்கவாட்டில் பாருங்கள். இரண்டு பிளேஞ்சும் சுற்றிலும் ஒரே இடைவெளியில் நிற்கின்றனவா? போல்ட் ஓட்டைகள் நேராக இருக்கின்றனவா? ஒரு பக்கம் 2 மி.மீ., எதிர்ப்பக்கம் 6 மி.மீ. என்றால் அந்த 4 மி.மீ. கோணத்தைத்தான் இவ்வளவு நாள் கேஸ்கட் தாங்கிக்கொண்டிருந்தது.

சைலன்சர் பக்கத்து ஹேங்கரைச் சின்ன ஜாக்கால் மெல்ல உயர்த்திப் பாருங்கள். இடைவெளி சீரானால் ஹேங்கர் நீளம்தான் பிரச்சனை. பிராக்கெட்டை மாற்றினால் போதும். எப்படி உயர்த்தினாலும் சீராகவில்லை என்றால் குழாயின் வளைவே தவறு. பிளேஞ்சுக்கு 5 அல்லது 10 செ.மீ. பின்னால் வெட்டி, சரியான நிலையில் பிடித்து, மறுபடி வெல்டிங் செய்ய வேண்டும். இதைத் தவிர்க்க நினைத்துத் தடித்த கேஸ்கட் போடுபவர்கள் சில மாதத்தில் திரும்ப இதே இடத்துக்கு வருவார்கள்.

வெப்ப விரிவையும் கணக்கில் எடுங்கள். 2 மீட்டர் நீள 304 ஸ்டெயின்லெஸ் குழாய் 400 டிகிரி சூடேறினால் சுமார் 13 மி.மீ. நீளும், சாதாரண இரும்புக் குழாய் 9 முதல் 10 மி.மீ. நீளும். இரண்டு முனையும் இறுகப் பிடிபட்டிருந்தால் அந்த நீட்சி நடுவில் உள்ள இணைப்பைத்தான் நெரிக்கும். இரும்பை இரும்பால் நேராகப் பிடித்த ஹேங்கர் எங்காவது இருந்தால் அதைக் கழற்றி ரப்பர் ஹேங்கர் போடுங்கள்.

படி 4: இணைப்பின் வகைக்கேற்ற வேலை

கேஸ்கட் வைத்த பிளேஞ்ச். பழைய கேஸ்கட்டைச் சுரண்டி, கம்பி பிரஷ்ஷில் உலோகம் தெரியும்வரை சுத்தம் செய்யுங்கள். நேரான ஸ்கேலைக் குறுக்கே வைத்து, அடியில் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழைத்துப் பாருங்கள். 0.1 மி.மீ. வரை கவலையில்லை. 0.25 மி.மீ. வரை நல்ல கிராஃபைட் கேஸ்கட் சமாளிக்கும். அதற்கு மேல் போனால் தட்டை அரத்தாலோ, தடித்த கண்ணாடி மேல் எமரி ஷீட் ஒட்டியோ சமன் செய்யுங்கள். 6 மி.மீ. தடிமனுள்ள மலிவான பிளேஞ்சுகள் வெல்டிங் சூட்டிலேயே கோணிப்போகும், போல்ட் காதுகள் முன்னோக்கி வளையும், 10 மி.மீ. பிளேஞ்ச் அப்படி ஆவது குறைவு. புதிதாக வெல்டிங் செய்வதென்றால் இரண்டு பிளேஞ்சையும் ஒன்றோடொன்று போல்ட் போட்டு இறுக்கி, நான்கு இடத்தில் புள்ளி வைத்து, எதிரெதிர்ப் பக்கமாக மாற்றி மாற்றிச் சின்னச் சின்னத் துண்டாக ஓட்டுங்கள். முழுக்க ஆறும்வரை போல்ட்டைக் கழற்றாதீர்கள்.

கேஸ்கட்டில், துளையிட்ட இரும்புத் தகட்டை நடுவில் கொண்ட கிராஃபைட் வகை கொஞ்சம் கோணலைப் பொறுத்துக்கொள்ளும். பல அடுக்கு இரும்பு வகை அதிக வெப்பத்தைத் தாங்கும், ஆனால் முகம் கண்ணாடி போல் சமமாக இருக்க வேண்டும். டர்போ அருகில் இரும்பு வகையும், பின்னால் கிராஃபைட்டும் போடுவதே எங்கள் பரிந்துரை. கிராஃபைட்டை மறுபடி பயன்படுத்தாதீர்கள். செம்புக் கேஸ்கட்டை மட்டும் செந்நிறம் வரும்வரை சூடாக்கி ஆறவிட்டு, மிருதுவாக்கித் திரும்பப் போடலாம். கேஸ்கட்டின் உள் விட்டம் குழாயின் உள் விட்டத்தைவிடச் சிறிதாக இருந்தால் அதன் ஓரம் வாயுவில் நேராக எரியும். வாங்கும்போதே வைத்துப் பாருங்கள்.

செருகு இணைப்பு. இங்கே முதல் எதிரி யூ-போல்ட் கிளாம்ப். அது குழாயை இரண்டு இடத்தில் நசுக்கி முட்டை வடிவமாக்கும். நசுங்காத பக்கங்களில் வாயு வெளியேறும், அடுத்த முறை பிரிக்கவும் முடியாது. அகலமான பட்டை கிளாம்ப் குழாயைச் சுற்றிலும் சமமாகப் பிடிக்கும். ஒரே விட்டக் குழாய்கள் முனையோடு முனை சேர்வதற்கு ஒரு வகை, ஒன்றுக்குள் ஒன்று நுழைவதற்குப் படி வைத்த இன்னொரு வகை. மாற்றிப் போட்டால் ஒருநாளும் அடையாது.

நுழையும் ஆழம் 40 முதல் 50 மி.மீ. இருக்கட்டும். எஞ்சின் பக்கத்துக் குழாய் உள்ளேயும், பின்பக்கத்துக் குழாய் வெளியேயும் இருந்தால் வாயு ஓட்டம் விளிம்பில் மோதாது. வெளிக்குழாயில் வெட்டியிருக்கும் பிளவை உள்குழாய் முழுமையாகத் தாண்டி உள்ளே போயிருக்க வேண்டும், கிளாம்பும் அந்தப் பிளவை மூட வேண்டும். பிளவின் நுனி வெளியே தெரிந்தால் அங்கேதான் ஊதும். விட்ட அளவிலும் ஏமாறாதீர்கள். இரண்டரை அங்குலம் என்பது 63.5 மி.மீ. வெளிவிட்டம், மூன்று அங்குலம் 76.2 மி.மீ., நான்கு அங்குலம் 101.6 மி.மீ. ஒரு கம்பெனியின் 63 மி.மீ. குழாயும் இன்னொன்றின் 63.5 மி.மீ. குழாயும் காகிதத்தில் ஒன்றுபோலத் தெரியும், கையில் ஆடும். வெர்னியரில் அளந்து பாருங்கள். இடைவெளி விட்டத்தில் 1 மி.மீ.க்கு மேல் போனால் கிளாம்பை நம்பாமல் விட்டம் மாற்றும் துண்டு போடுங்கள்.

வி-பேண்ட் (இரண்டு குழாய் விளிம்புகளையும் சுற்றி இறுக்கும் 'வி' வடிவப் பட்டை). அடிக்கடி பிரிக்க வேண்டிய டவுன்பைப்புக்கு இதைவிட நல்லது இல்லை. ஆண்-பெண் பள்ளம் உள்ள வகையை வாங்குங்கள், அது தானாகவே நடுவில் உட்காரும். தட்டை முக வகையில் ஒரு மி.மீ. நழுவினாலும் தெரியாது. பட்டையை இறுக்கும்போது குழாயைச் சுற்றி ரப்பர் சுத்தியலால் தட்டிக்கொண்டே இறுக்குங்கள். தட்டத் தட்ட நட்டு மறுபடி சுழலும், ஏனென்றால் பட்டை ஒரு பக்கத்தில் பற்றிக்கொண்டு மறுபக்கத்தில் தளர்வாக இருந்திருக்கும். பட்டை விளிம்புகள் பாதியிலேயே ஒன்றையொன்று தொட்டுவிட்டால் பட்டை நீண்டுபோய்விட்டது, புதிது வாங்குங்கள்.

ஸ்பிரிங் வைத்த பந்து இணைப்பு. எஞ்சின் ஆட்டத்துக்கு ஈடுகொடுக்க இது வளைந்து கொடுக்க வேண்டும். ஸ்பிரிங்கை முழுக்க நசுங்கும்வரை இறுக்கிவிட்டால் இணைப்பு கட்டையாகி, வளையக் கேஸ்கட் உடையும். சுருள்களுக்கு நடுவே இடைவெளி தெரிய வேண்டும். படி வைத்த போல்ட் என்றால் படி முட்டும்வரை இறுக்கிவிட்டு நிறுத்துங்கள். முட்டிய பிறகும் கசிந்தால் வளையம் தேய்ந்திருக்கும் அல்லது ஸ்பிரிங் சூட்டில் தளர்ந்திருக்கும்.

பெல்லோஸ் பற்றி ஒரு எச்சரிக்கை

கசிவு தொடர்ந்து வந்தால் நடுவில் ஒரு பெல்லோஸை வெட்டிப் போடுவது வழக்கமாகிவிட்டது. நல்ல யோசனைதான், சரியான இடத்தில் போட்டால். அது நேரான பகுதியில், எஞ்சினுக்கு அருகில் வர வேண்டும். வெல்டிங் செய்யும்போது இழுபடாமலும் வளையாமலும் இயல்பான நீளத்தில் நிற்க வேண்டும். குழாய்க் கோணலைச் சரிக்கட்ட அதை வளைத்துப் போட்டால், உள் அடுக்கு கிழிந்து வெளிப்பின்னலில் கரி கசியும். இன்னொன்று: பெல்லோஸ் பக்கவாட்டு ஆட்டத்தைத் தாங்கும், முறுக்கைத் தாங்காது. எஞ்சின் நீளவாக்கில் உட்கார்ந்த டிரக்கில் ஆக்சிலரேட்டர் மிதிக்கும்போது எஞ்சின் தன் நீள அச்சில் உருளும். அது குழாய்க்கு முறுக்காகவே போய்ச் சேரும். அங்கே பந்து இணைப்பு நீண்ட நாள் உழைக்கும்.

வெல்டிங் செய்வதானால்

பேட்டரி மைனஸைக் கழற்றுங்கள், எர்த் கிளாம்பை வெல்டிங் இடத்துக்கு அருகிலேயே குழாயில் மாட்டுங்கள். மின்சாரம் பேரிங்குகள் வழியாகவும் இசியூ வழியாகவும் போக வழி விடாதீர்கள். ஜிங்க் பூச்சை முழுக்கத் தேய்த்து எடுத்த பிறகே வெல்டிங், அந்தப் புகை காய்ச்சலைக் கொண்டுவரும். குளோரின் கலந்த பிரேக் கிளீனரால் குழாயைத் துடைக்கவே துடைக்காதீர்கள். அதன் மிச்சம் வெல்டிங் வெப்பத்தில் ஃபாஸ்ஜீன் என்ற நச்சு வாயுவாக மாறும். அசிட்டோன் பயன்படுத்தி, முழுக்கக் காயவிடுங்கள். 304 ஸ்டெயின்லெஸ்ஸுக்கு 308எல் கம்பி, ஸ்டெயின்லெஸ்ஸையும் சாதாரண இரும்பையும் இணைக்க 309எல்.

பேஸ்ட், நட், மரை

எக்ஸாஸ்ட் பேஸ்ட் செருகு இணைப்புக்கு நல்ல துணை. உள்குழாயின் வெளிப்பக்கம் மெல்லியதாகத் தடவிச் செருகுங்கள். வெளிக்குழாயின் உட்புறம் தடவினால் வழித்துக்கொண்டு உள்ளே போகும். அது காய்ந்து கல்லாகிவிடும் என்பதால் ஆடும் இணைப்பில் போட்டால் உதிர்ந்துவிடும். கேஸ்கட் உள்ள பிளேஞ்சுக்குப் பேஸ்ட் வேண்டாம். சிவப்பு சிலிகான் சுமார் 340 டிகிரி வரைதான் தாங்கும், பல வகைகளின் ஆவி ஆக்சிஜன் சென்சாரைக் கெடுக்கும். முன்பகுதியில் அதற்கு இடமே இல்லை.

நைலான் லாக் நட் முதல் சூட்டிலேயே உருகிவிடும். முழு உலோக லாக் நட் அல்லது செம்புப் பூச்சு நட் போடுங்கள். ஸ்டெயின்லெஸ் போல்ட்டில் ஸ்டெயின்லெஸ் நட்டை உலர்வாக ஏற்றினால் மரை பற்றிக்கொண்டு பாதியில் நின்றுவிடும், நிக்கல் ஆன்டி-சீஸ் (மரை பற்றாமல் காக்கும் பேஸ்ட்) தடவியே ஏற்றுங்கள். 8.8 தர எம்8 போல்ட்டுக்கு உலர்ந்த மரையில் 25 நியூட்டன் மீட்டர், எம்10-க்கு 45 முதல் 50 வரை சரியாக இருக்கும். ஆன்டி-சீஸ் தடவினால் 15 முதல் 20 சதவீதம் குறையுங்கள். கிளாம்ப், வி-பேண்ட் ஆகியவற்றுக்கு அதன் உறையில் சொன்ன அளவே சரி.

படி 5: பூட்டும் வரிசை

எல்லா இணைப்புகளையும் கையால் தளர்வாகச் சேர்த்து, எல்லா ஹேங்கர்களையும் மாட்டி, வண்டியின் எடை சக்கரத்தில் நிற்கும் உயரத்துக்குக் கொண்டுவாருங்கள். டிரைவ்ஷாஃப்ட்டுக்கும் பாடிக்கும் குறைந்தது 25 மி.மீ., பிரேக் பைப்புக்கும் பெட்ரோல் பைப்புக்கும் 50 மி.மீ. இடைவெளி பாருங்கள். உயர்த்திய சஸ்பென்ஷனில் பின்னச்சை முழுக்கத் தொங்கவிட்டும், முழுக்க அமுக்கியும் குழாயில் இடிக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். பின்னச்சு ஒரு தரம் இடித்தால் முன்னால் இருக்கும் பிளேஞ்ச் வாய் திறக்கும். பிறகு எஞ்சினிலிருந்து தொடங்கிப் பின்னோக்கி இறுக்குங்கள். பிளேஞ்ச் போல்ட்டுகளை மூன்று சுற்றாக, எதிரெதிராக மாற்றி மாற்றி இறுக்குங்கள்.

படி 6: சோதனை

குளிர்ந்த நிலையிலேயே சோப்புத் தண்ணீர்ச் சோதனையை மறுபடி செய்யுங்கள். பிறகு திறந்த வெளியில் எஞ்சினை ஓட்டிச் சூடாக்குங்கள். புதுக் கேஸ்கட்டும் பேஸ்ட்டும் முதல் 10, 15 நிமிடம் கொஞ்சம் புகைவது வழக்கம். முழுக்க ஆறிய பிறகு ஒவ்வொரு நட்டையும் அதே அளவுக்கு மறுபடி இறுக்குங்கள்; கேஸ்கட் அமுங்கியிருக்கும், கிட்டத்தட்ட எல்லா நட்டும் கொஞ்சம் சுழலும். 100 கி.மீ. ஓடிய பின் இன்னொரு தரம் பாருங்கள். அப்போதும் ஒரே நட்டு மட்டும் திரும்பத் திரும்பத் தளர்ந்திருந்தால் அதை இறுக்கிவிட்டுப் போகாதீர்கள். அந்தப் பிளேஞ்சை மறுபடி பிரித்து, மூன்றாம் படியில் சொன்ன இடைவெளியை அளந்து பாருங்கள். பெட்ரோல் வண்டியானால் இந்த 100 கி.மீ. ஓட்டத்துக்குப் பிறகு ஸ்கேனரில் நீண்டகால ஃபியூவல் டிரிமையும் பார்த்துவிடுங்கள். கசிவுக்கு முன்பிருந்த அளவுக்கு இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை என்றால் சென்சாருக்கு முன்னால் இன்னொரு இணைப்பு பாக்கி இருக்கிறது.